குண்டு போடுகிறவனுக்கும் ஒரு ஜெபம்

போர் நடப்பது எங்கோ கடல் தாண்டி. ஆனால், போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் அது கொல்லிமலையில் என் வீட்டு ஹாலுக்கே வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். பெரிய கூட்டமெல்லாம் இல்லை. அரசாங்க வேலைக்காகக் கீழேயிருந்து மலையேறி வந்த நாலைந்து குடும்பங்கள்தான். ஒரு பாட்டு, ஒரு வேத வாசிப்பு, ஆளுக்கொரு ஜெபம், கடைசியில் மரவள்ளிக் கிழங்கும் காபியும். அன்றைக்கு எல்லோரும் போருக்காக ஜெபிப்பதாக ஏற்பாடு. டிவியில் இடிந்த வீடுகளைப் பார்த்துப் பார்த்து யாருக்கும் மனசு சரியில்லை.

இதில் ஒரு சிக்கல். எங்கள் கூட்டத்துக்குள்ளேயே இரண்டு வல்லரசுகள் உண்டு. ஒன்று, நர்ஸ் கிரேஸ் அக்கா. இன்னொன்று, கணக்கு டீச்சர் ஸ்டெல்லா. இருவருக்கும் பேச்சுவார்த்தை முறிந்து பல மாதம் ஆகிறது.

காரணம்? சனிக்கிழமை கீழே இறங்கும் பஸ்! கிரேஸ் அக்கா ஜன்னல் வழியாகக் கர்ச்சீப் போட்டுப் பிடித்த சீட்டில் ஸ்டெல்லா உட்கார்ந்துவிட்டார். "கர்ச்சீப் கீழே கிடந்தது" என்பது ஸ்டெல்லா தரப்பு. "கீழே தள்ளிவிட்டது யார்?" என்பது அக்கா தரப்பு. எழுபது கொண்டை ஊசி வளைவையும் அக்கா நின்றுகொண்டே இறங்கினார். நடுவில் ஒரு வளைவில், யாரோ ஏற்றியிருந்த பலாப்பழத்தின்மேல் உட்கார்ந்தும்விட்டார்... எப்படி மன்னிப்பார், சொல்லுங்கள்?

நேரில் சண்டை போட்டால் கிறிஸ்தவர்களுக்குப் பெயர் கெட்டுப்போகும். அதனால் நாங்கள் ஒரு வழி வைத்திருக்கிறோம் – ஜெபத்திலேயே போட்டுவிடுவது! எல்லோரும் கண்ணை மூடியிருக்கும்போது யார் குறுக்கே பேச முடியும்?

அக்கா ஆரம்பித்தார். "ஆண்டவரே, அடுத்தவங்க இடத்தை அநியாயமாப் பிடிச்சுக்கிற தலைவர்களை உணர்த்தும்..."

ஸ்டெல்லா சும்மா இருப்பாரா? "கர்த்தாவே, அற்ப விஷயத்தைக்கூட மாசக்கணக்கா மனசுல வச்சிருக்கிற தேசங்களுக்கு, மன்னிக்கிற இருதயத்தைத் தாரும்..."

ஆமென் சொல்வதா வேண்டாமா என்று தெரியாமல் நான் இருமினேன்.

அப்போதுதான் வாசலில் குரல். "ஏனுங்க, உள்ள வரலாமுங்களா?"

வெள்ளையம்மா. எங்கள் வீட்டுச் சொந்தக்காரர். பக்கத்துக் காட்டில் மிளகும் மரவள்ளியும் போட்டிருப்பவர். பாட்டுச் சத்தம் ஜாஸ்தி என்று சொல்ல வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். முகத்தைப் பார்த்ததும் பயமாகிவிட்டது.

"எம் பையன் முருகேசன் அந்தச் சண்டை நடக்கற பக்கந்தானுங்க லாரி ஓட்டறான். நேத்திருந்து போனே போவமாட்டேங்குது. எட்டுக்கை அம்மங்கிட்ட வேண்டிக்கிட்டுத்தானுங்க வாரேன். உங்க சாமிகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லி வைங்க. குண்டு போடறவன் கை வெளங்காமப் போவோணும்னு நல்லா அழுத்தமாச் சொல்லுங்க."

நான் அவரை உள்ளே கூப்பிட்டுப் பாயில் உட்காரவைத்தேன்.

கிரேஸ் அக்காதான் மெல்லப் பேசினார். "பையன் நல்லபடியா வரணும்னு கேக்குறோம்மா. ஆனா, கை விளங்காமப் போகணும்னு கேக்க முடியாது. எதிரிக்காகவும் ஜெபிக்கச் சொல்லியிருக்காரு எங்க ஆண்டவர்."

"குண்டு போடறவனுக்குமா? அவனுக்கு என்னன்னுங்க வேண்டுவீங்க?"

"அவன் மனசு மாறணும்னு."

"மாறுமுங்களா?"

கேலியாகக் கேட்கவில்லை. பெற்றவளுக்குப் பதில் தெரிந்தாக வேண்டும்.

ஸ்டெல்லா எழுந்தார். நேரே அக்காவின் பாய்க்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"கொஞ்சம் தள்ளுங்கக்கா."

அக்கா நிமிர்ந்து பார்த்தார். போச்சு, இன்றைக்கு ஏதோ நடக்கப்போகிறது என்று நான் காபி டம்ளர்களை ஓரம் கட்டினேன். அக்கா... தள்ளி உட்கார்ந்தார்! ஸ்டெல்லாவின் கையையும் பிடித்துக்கொண்டார்.

"மாறும்மா" என்றார் ஸ்டெல்லா.

பஸ் கதை வெள்ளையம்மாவுக்குத் தெரியாமலா? மலைக்கே தெரியும். இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இவங்க ரெண்டு பேருமே சேந்தாச்சா? அப்ப அந்தச் சண்டையும் நின்னுருமுங்க!" என்றார். சொல்லிவிட்டு, முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

அதற்கப்புறம் நடந்ததுதான் ஜெபம். அழகான வார்த்தை ஒன்றும் இல்லை. முருகேசனுக்காகக் கேட்டோம். குண்டு போடுகிறவனுக்காகவும் கேட்டோம் – அது லேசில் வாயில் வரவில்லை, பொய் சொல்லமாட்டேன்.

மறுநாள் மத்தியானம் முருகேசன் பேசிவிட்டான். அங்கே நெட்வொர்க் போய்விட்டதாம், ஆள் பத்திரம். எங்கள் ஜெபமா, எட்டுக்கை அம்மனா என்று நான் வழக்காடப் போவதில்லை. எத்தனையோ வீடுகளில் இன்னும் போன் அடிக்கவில்லையே... போரும் நின்றபாடில்லை. அதனால் நாங்களும் கேட்பதை நிறுத்தவில்லை.

வெள்ளையம்மா மட்டும் தெளிவாக இருக்கிறார். முந்தாநாள் மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனவர், "டீச்சரம்மாகூடப் பேசிட்டுத்தான இருக்கறீங்க?" என்று கிரேஸ் அக்காவை விசாரித்திருக்கிறார். நேற்று பள்ளிக்கூட கேட்டில் நின்று ஸ்டெல்லாவிடமும் அதே விசாரணை.

முருகேசன் ஊர் வந்து சேரும்வரை இரண்டு பேரும் முகத்தைக்கூடத் திருப்பிக்கொள்ள முடியாது!