உப்பு பார்க்க ஒரு நாக்கு

நாலு பேருக்குச் சமைக்கக் கைப்பக்குவம் போதும். எழுபது பேருக்குச் சமைக்கத் தைரியம் வேண்டும், அது என்னிடம் என்றைக்குமே இருந்ததில்லை. அடுப்பை அணைத்தோமா, சாதம் போதுமா, உப்பு போட்டோமா என்று பஸ்ஸில் போகும்போதும் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிற ரகம் நான். ஆஸ்டலிலோ மடத்திலோ ஊருக்கென்று உலை வைக்கிற பெண்கள் யாராவது இதைப் படித்தால், உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகத்தான் சொல்கிறேன்.

இரண்டு கை உப்பு

ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். வீட்டுக்காரர் போன பிறகு, புதுச்சேரி டவுனில் சிஸ்டர்கள் நடத்தும் ஒரு முதியோர் இல்லத்தில் சமையல் வேலை கிடைத்தது. கருவடிக்குப்பத்திலிருந்து விடியும் முன்பே கிளம்பிவிடுவேன். மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. அந்த வேலை போனால் வேறு வழி கிடையாது.

இரண்டாயிரமாவது வருஷம், கல்லறைத் திருநாள் காலையில் கஞ்சிக்கு உப்பு போட்டேன். போட்டோமா இல்லையா என்று பயம் வந்தது. திரும்பவும் போட்டேன். சாப்பிடுகிறவர்களில் பாதிப் பேருக்குப் பிரஷர். இல்லத்தின் தலைவியை எல்லோரும் மதர் என்போம். அவர் ஒரு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். திட்டவில்லை. மெதுவாகச் சொன்னார்: "தனம், இன்னொரு தடவ இப்படி ஆச்சின்னா நான் வேற ஆள் பாக்க வேண்டியதுதான்."

சிவப்பு நூல் சட்டி

அதற்கப்புறம் உப்பு போட்டதும் டப்பாவை மூடித் தலைகீழாக வைப்பேன், திரும்பப் போட்டுவிடாமல் இருக்க. இந்த நிலைமையில்தான் சொல்தா தாத்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அவர் பிள்ளைகள் எல்லாம் பிரான்சில். இவர் சக்கர நாற்காலியில், இங்கே. பெண்களை எல்லாம் பிரெஞ்சு மரியாதையில் மதாம் என்பார். டாக்டர் அவருக்கு அரை உப்புதான் என்று எழுதிவிட்டதால், அவர் சாப்பாடு மட்டும் தனியாக ஒரு சின்னச் சட்டியில் வேகும். மாறிப்போகாமல் இருக்க அதன் காதில் சிவப்பு நூல் கட்டியிருக்கும்.

இரண்டு வருஷமாக, ஒரு வேளை விடாமல், கரண்டியால் தட்டைத் தட்டி "உப்பில்ல" என்பார். கார்த்திகை மாதம் ஒரு நாள் நான் பொறுக்க முடியாமல், "தாத்தா, உங்க நல்லதுக்குத்தானே" என்றேன். அவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்: "உப்புக்கு அழுவல மதாம். பட்டாளத்துல அத்தினி பேரும் ஒரே அண்டாவுல துன்னோம். இங்க எனக்கு மட்டும் தனிச் சட்டி, ஊரை விட்டுத் தள்ளி வச்ச ஆள் மாதிரி."

தம்பி சாமி ஆனது

கிறிஸ்மஸ் அன்று, சொல்தா தாத்தா வாயில் நொயேல் அன்று, இல்லத்தில் பிரியாணி. செய்கிறவர் கரீம் பாய். அவருடைய அம்மா கடைசி இரண்டு வருஷம் படுத்த படுக்கையாக இங்கேதான் இருந்தார்கள். சிஸ்டர்கள் மலம் மூத்திரம் அள்ளிப் பார்த்துக்கொண்டார்கள். அதிலிருந்து வருஷம் தவறாமல் அன்றைக்குத் தன் கடையை மூடிவிட்டு இங்கே வந்து சமைப்பார். கூலி பற்றிப் பேசினால் கோபம் வரும். அந்த வருஷம் அவருக்கு ரம்ஜான் நோன்பு.

தூக்க, இறக்க என் தம்பியை வரச் சொல்லியிருந்தேன். சேதராப்பட்டில் கம்பெனி வேலை. அவனோ சபரிமலைக்கு மாலை போட்டிருந்தான். மாலை போட்டால் சேவை செய்ய வேண்டும் என்று குருசாமி சொன்னாராம், வந்துவிட்டான். நான் இடுப்பில் சுமந்து வளர்த்தவனை "சாமி, தண்ணி கொண்டாங்க" என்று கூப்பிட வேண்டியிருந்தது. கறி இருக்கிற பக்கம் அவன் வரக்கூடாது. விறகு உடைப்பதும் வெங்காயம் உரிப்பதும் வெளியே வேப்பமரத்தடியில். கறிக்கூடையோடு தோட்டத்தைத் தாண்டும்போதெல்லாம் பாய் முன்கூட்டியே குரல் கொடுப்பார்: "சாமி, கொஞ்சம் அந்தாண்ட திரும்பிக்குங்க, ஆடு போவுது."

மாதாவுக்கு ஒரு துண்டு

முதல் நாள் சாயங்காலம் பாய் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். நோன்பு திறக்கும் நேரம் நெருங்கியது. தொழுவதற்கு இடம் கேட்டார். அரிசி மூட்டை அறைதான் சுத்தமாக இருந்தது. பெருக்கிப் பாய் விரித்த பிறகுதான் பார்த்தேன், சுவர் மாடத்தில் மாதா சொரூபம். உருவம் இருக்கிற இடத்தில் அவர்கள் தொழலாமோ கூடாதோ, இதனால் யார் மனசு நோகுமோ, மதர் காதுக்குப் போனால் என்ன ஆகுமோ என்று பயந்துபோய், யோசிக்காமல் என் தோள் துண்டை எடுத்து மாதா தலையோடு போர்த்திவிட்டேன்.

பாய் உள்ளே வந்தார், பார்த்தார். "மரியம் அம்மாவ எங்க வேதத்துலயும் சொல்லியிருக்கும்மா. நான் மேற்கால பாத்து நிப்பேன், அவங்க எனக்குப் பின்னாலதான இருக்காங்க" என்றார். துண்டை எடுக்கலாம் என்று நான் கை நீட்டவும், நோன்பு திறக்கப் பேரீச்சம்பழமும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு மதர் வாசலில் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. மாதாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்: "இன்னா தனம், மாதாவுக்குக் குளுருதா?"

நாக்கு தேடிய காலை

கிறிஸ்மஸ் திங்கட்கிழமை வந்தது. சிஸ்டர்கள் உட்கார முடிந்த பெரியவர்களை எல்லாம் வேனில் ஏற்றிக்கொண்டு சர்ச்சுக்கு, பூசைக்குப் போய்விட்டார்கள். மருந்து கொடுக்கிற சிஸ்டர் மட்டும் மாடியில், படுக்கையில் இருக்கிறவர்களுக்கு உடம்பு துடைத்துக்கொண்டிருந்தார். பாதியில் விட்டு வரவும் முடியாது, அந்தக் கையோடு வாயில் எதையும் வைக்கவும் முடியாது.

அண்டாவில் மசாலா கொதித்தது. அரிசியைப் போடும் முன் உப்பு சரிபார்க்க வேண்டும். பாயின் கை கல்லுப்புக்குப் பழகின கை. அந்தத் தடவை யாரோ தானமாகக் கொடுத்த தூள் உப்புதான் இருந்தது. "குறைச்சலாத்தான் போட்டிருக்கேன். கொஞ்சம் பாருங்கம்மா" என்றார். எனக்கோ மகள் கல்யாணத்துக்காகப் பதினாறு திங்கட்கிழமை விரதம். பச்சைத் தண்ணீர்கூட சாயங்காலம்தான். அதுவும் மார்கழியில் கறி மசாலாவை எப்படி வாயில் வைப்பேன்? தம்பி பக்கம் பார்த்தேன். அவன் "சாமியே சரணம்" என்று இன்னும் நாலடி தள்ளிப் போனான். பாய் சொன்னார்: "நாக்கு நுனியில வச்சித் துப்பிடலாம்னு எங்க பள்ளிவாசல் அஜ்ரத் சொல்வாரு. ஆனா என் மனசு ஒப்பலம்மா."

எழுபது பேர் வருஷமெல்லாம் காத்திருக்கிற சாப்பாடு. அடுத்த கிறிஸ்மஸை எத்தனை பேர் பார்ப்பார்களோ தெரியாது. என் வேலையும் அதே அண்டாவில் கொதித்துக்கொண்டிருந்தது. அழுகை வந்துவிட்டது. அப்போது வராந்தாவில் சக்கரம் உருளும் சத்தம் கேட்டது. பூசைக்குக் கால் வலிக்கிறது என்று சொல்லி நின்றுவிட்ட சொல்தா தாத்தா, தட்டும் கரண்டியுமாக வந்து நின்றார்: "நாக்கு இல்லாம தவிக்கிறீங்களாமே, மதாம்."

மூன்று கரண்டி

மொத்த இல்லத்திலும் உப்பு பார்க்கக் கிடைத்த ஒரே நாக்கு, இரண்டு வருஷமாக "உப்பில்ல" என்பதைத் தவிர வேறு சொல்லாத நாக்கு. இவர் போதாது என்றால் நம்பக்கூடாது என்று முடிவு செய்துகொண்டு, பயந்து பயந்து ஒரு கரண்டி ஊற்றினேன். "சூடு. ஒண்ணும் தெரியல" என்றார். இன்னொரு கரண்டி. "கறி இல்லாம உப்பு எப்படித் தெரியும்?" மூன்றாவது கரண்டியில் ஒரு துண்டு கறியும் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு மென்றார். நான் அவர் தாடையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சரியா இருக்கு. இதுக்கு மேல ஒரு துளி போடாத."

பாய் அண்டாமேல் குனிந்து, முகத்தில் ஆவி பட ஒரு நிமிஷம் நின்றார். பிறகு அரிசியைப் போட்டார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. "சத்தியமா தாத்தா?" என்றேன். அவர் சக்கரத்தைத் திருப்பிக்கொண்டே கேட்டார்: "நொயேல் அன்னைக்குப் பொய் சொன்னா எனக்கு மோட்சம் கெடைக்குமா, மதாம்?"

மேசையில் இருக்கிற உப்பு

அவர் கேள்விதான் கேட்டார், பதில் சொல்லவில்லை என்பது எனக்கு மத்தியானம்தான் உறைத்தது. பந்தி ஆரம்பித்த இரண்டாவது நிமிஷமே ஒரு பாட்டி உப்பு கேட்டார். அப்புறம் எதிர் வரிசையில் ஒருவர். கொஞ்ச நேரத்தில் உப்புக் கிண்ணம் மேசைக்கு மேசை ஊர்வலம் போயிற்று.

சொல்தா தாத்தாவோ சிவப்பு நூல் சட்டியைத் தள்ளிவிட்டு, "அண்டாவுலேர்ந்து வையி" என்று உட்கார்ந்திருந்தார். மருந்து சிஸ்டர் அண்டாச் சோற்றை வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, "இதுவே அரை உப்புதான். தாராளமா குடுக்கலாம்" என்றார். தாத்தா சோற்றை வாங்கிக்கொண்டு, பக்கத்துத் தட்டையும் எதிர்த் தட்டையும் ஒரு பார்வை பார்த்தார். எல்லாவற்றிலும் ஒரே சோறு. குனிந்து சாப்பிட ஆரம்பித்தார்.

நான் சமையல்கட்டுக்கு ஓடினேன். "பாய், அந்தக் கிழவர் நம்மள ஏமாத்திட்டார்" என்றேன். பாய் கை கழுவிக்கொண்டிருந்தார். காலையிலிருந்து பட்டினியாக எழுபது பேருக்குச் சமைத்த முகம். நிதானமாகச் சொன்னார்: "உப்பு கொறைச்சல்னு ஆவி அடிச்சப்பவே எனக்குத் தெரியும்மா. எங்கம்மாவும் அந்த நூல் கட்டுன சட்டியிலதான் துன்னுச்சி. போடாத உப்ப மேசையில போட்டுக்கலாம், போட்ட உப்ப யாரால எடுக்க முடியும்?"

மதர் வந்தார்

பந்தி முடிந்ததும் மதர் சமையல்கட்டுக்கு வந்தார். நான் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, எழுந்து நிற்கவும் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன். தம்பி தன் மாலையை மறந்து, "அக்கா மேல தப்பு இல்ல மதர், நாங்க யாரும் வாயில வைக்கல" என்று முன்னால் வந்தான். மதர் அண்டாவின் அடியைப் பார்த்தார். சுரண்டி எடுத்திருந்தது. "சொல்தா பெரியவரு மூணாந்தடவ கேக்கறாரு, இருக்குதா?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன்.

"வேற ஆள் பாத்துட்டீங்களா மதர்?" என்று நானே கேட்டுவிட்டேன். அவர் சிவப்பு நூல் சட்டியை, அதில் தொடாமல் இருந்த சோற்றோடு தூக்கி அலமாரியில் வைத்தார். "இன்னொரு தடவன்னு நான் சொன்னது கூடிப்போனாத்தான், தனம். கொறஞ்சா இன்னா செய்யறதுன்னு நான் இன்னும் யோசிக்கல."

ஆளுக்கொரு சாமிக்காக வாயைக் கட்டிக்கொண்டு நாங்கள் மூன்று பேர் உண்மையாக உழைத்த அன்று, எழுபது பேரையும் ஒரே சட்டியில் சாப்பிட வைத்தது என்னவோ பூசைக்கே போகாத ஒருவர் சொன்ன பொய்தான்.