பள்ளத்துக்கு எதிர்ப்பக்கம்

ஃபிலோமேனாவுக்குக் குரல் கொஞ்சம் பெரியது. கொஞ்சம் என்று நான் சொல்வது, அவள் வைத்த சூப்பை நான் நிறையக் குடித்த நன்றிக்காக.

டிரோல் மலையில், காடு முடிந்து பாறை தொடங்கும் இடத்தில், நாள்கணக்கில் நடக்கிறவர்கள் இரவு தங்கும் விடுதியைக் கணவன் செவரினோடு நடத்துகிறாள். கோடை முழுக்கச் சூப்பும் ரொட்டி உருண்டையும் சமைப்பாள். நேரம் மிஞ்சினால் செவரினைத் திட்டுவாள், அதற்கும் மேல் மிஞ்சினால் வால்டி என்கிற நாயை. செவரின் எல்லாவற்றுக்கும் "ம்" என்பான். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமாம்.

ஒரு விஷயம் மட்டும் அவளுக்குப் பிடிபடவே இல்லை. கிழக்கே ரோசினாவின் விடுதியிலிருந்து நடந்து வருகிறவர்கள், யாரும் சொல்லாமலே வாசலில் பூட்ஸைத் துடைத்தார்கள். அவள் பெயர் தெரிந்திருந்தது. உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார்கள். "இன்னைக்கு உருண்டை கருகலையே?" என்று ஒருவன் கேட்டேவிட்டான். மேற்கிலிருந்து ஏறி வருகிறவர்களுக்கு இதெல்லாம் தெரியாது. அப்படியானால் யார் வேலை? ரோசினாதான் ஏதோ ஓதி அனுப்புகிறாள்.

முன்பெல்லாம் நடைக்காரர்கள் கையில் ரோசினா பாலாடைக்கட்டி கொடுத்தனுப்புவாள், இவள் ரொட்டி அனுப்புவாள். போன கோடையில் வந்த கட்டியை இவள் பிரிக்காமலே திருப்பி அனுப்பினாள். இந்த மலையில் அவளுக்கு இருந்தது அந்த ஒரு சிநேகிதிதான். அதுவும் போயிற்று.

நவம்பர் பிறந்தது. விடுதியை மூடி, குழாய்த் தண்ணீரை வடித்தாயிற்று. ஜன்னல் பலகைகளை அடிப்பதுதான் பாக்கி.

"ரோசினாவ நேர்ல பாத்து நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டுட்டு வரேன்."

"ம்."

"நாளைக்குத்தான் வருவேன்."

"ம்."

"வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க?"

இத்தனை வருஷமாக அந்தக் கிழக்குப் பாதையில் அவள் நடந்ததே இல்லை. கோடையில் அடுப்பு விடாது, குளிரில் பனி விடாது. லார்ச் மரங்கள் மஞ்சள் ஊசியிலைகளைக் கொட்டித் தீர்த்திருந்தன. ஆள் அரவம் இல்லை. ஒரு பறவை பைன் விதையை மண்ணில் ஒளித்துவிட்டு, அவளைத் திருடியைப் பார்ப்பதுபோல் பார்த்தது. இதைப் பார்க்கவா சனங்கள் இவ்வளவு தூரம் கால் வீங்க நடந்து வருகிறார்கள் என்று யோசித்தாள். பிறகு, இதைப் பார்க்காமலா நாம் இருந்தோம் என்றும் யோசித்தாள். பாதை பள்ளத்தில் இறங்கி, வற்றிப்போன ஓடையைத் தாண்டி, மறுபடி ஏறியது. ரோசினாவைக் கேட்க வேண்டியதை வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே ஏறினாள்.

உச்சிப்பொழுதில் காடு சற்று விலகி ஒரு வெட்டவெளி வந்தது. அங்கே யாரோ மரக்கட்டைகளைப் பள்ளத்தைப் பார்க்க வரிசையாகப் போட்டிருந்தார்கள், கூத்துப் பார்க்க இடம் பிடித்ததுபோல. பல பேர் உட்கார்ந்து உட்கார்ந்து கட்டைகள் வழுவழுவென்று இருந்தன. இங்கே என்ன இருக்கிறது?

உட்கார்ந்து பார்த்தாள். எதிரே, கைநீட்டினால் தொடலாம்போல, அவளுடைய விடுதி. பின்னால் வளைந்த பாறை. முன்னால் கட்டைவிரல் அளவில் செவரின், ஜன்னலடியில்.

"காலத் தொடைச்சியாடா வால்டி? மேனா பாத்தா ரெண்டு பேர் தோலையும் உரிச்சிருவா."

ஃபிலோமேனா திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை. எதிரே அந்த வளைந்த பாறைதான் செவரினின் குரலைப் பள்ளம் தாண்டிக் கொண்டுவந்தது.

"'உருண்டை கருகுது, எவன்டா அடுப்பப் பாத்தது?'" அவள் குரலிலேயே சொல்லிக் காட்டினான், பாவி. "இன்னைக்கு நமக்கு விடுதலைடா. உப்புப் பெட்டிக்குப் பின்னால அவ சாராயப் பாட்டில ஒளிச்சு வச்சிருக்கறது எனக்குத் தெரியும்."

அவன் முணுமுணுப்பே இப்படிக் கேட்கிறதென்றால், ஓடை நிரம்பி ஓடும் கோடையிலும் அதை அமுக்கிவிடும் தன் குரல்? பகலில் பக்கம் பார்த்துப் பேசு என்பார்கள். பள்ளம் பார்த்துப் பேச யார் சொன்னார்கள்? இங்கே உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்தவன் ஒருவனும் சொல்லவில்லை. கரண்டி அவள் கையில் இருக்கும்போது எப்படிச் சொல்வான்? அவளுக்கு முகம் எரிந்தது. பிரிக்காமல் திருப்பி அனுப்பிய பாலாடைக்கட்டி நினைவுக்கு வந்தது.

எதிரே செவரின் உள்ளே போய்ப் பாட்டிலோடு வந்து அதைத் திறந்தான்.

"யோவ்! கீழ வைய்யா அத!"

பாட்டில் உருண்டது. செவரின் தொப்பியைக் கழற்றி, வானத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டான். "மேனா! செத்துக்கித்துப் போயிட்டியா?"

"நான் ஏன் சாகணும்? எதிர்ல பாரு!"

அவன் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "ரோசினாகிட்ட சண்டைக்குத்தான போற?"

இப்படியே திரும்பிவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது. ஆனால் ரோசினாவின் சிநேகிதம் போனது போனதுதான் என்று ஆகிவிடும்.

"இல்ல! மன்னிப்புக் கேக்கப் போறேன்!"

பாறை அதை இன்னொரு தடவை சொன்னது. எதிர்ப்பக்கத்தில் செவரின் தொப்பியை மாட்டிக்கொண்டான். பிறகு சுத்தியல் சத்தம். அதற்கு நடுவே, நாயிடம் மட்டும் சொல்வதாக நினைத்து அவன் சொன்னான்: "ரோசினா குடுத்து வச்சவடா. எங்கிட்ட ஒரு தடவகூடக் கேட்டதில்ல."

ஃபிலோமேனா வாயருகே கையைக் குவித்தாள், பிறகு இறக்கிவிட்டாள். கத்தவில்லை. சமையலறையில் ஒருநாளும் பேசாத குரலில் சொன்னாள்:

"உன்கிட்டயும்தான் கேக்குறேன், செவரின்."

சுத்தியல் நின்றது. வால்டி வாலை ஆட்டுவதுகூடத் தெரிந்தது. அப்புறம், பக்கத்தில் நின்று சொன்னதுபோல் கேட்டது.

"ம்."