குட்டி மோட்டாரின் மஞ்சள் பூ

எங்கள் சித்தப்பாவுக்குப் பிடிவாதம் என்று ஒன்று உண்டு என்பதே அந்தக் குட்டி மோட்டார் சைக்கிள் வீட்டுக்கு வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அதுவரை அவர் போட்டதைச் சாப்பிட்டுவிட்டு, பத்து பெரண்டாம் வட்டாரத் தொழிற்சாலைக்கு ஷிப்ட் வேலைக்குப் போய்வருகிற சாதுவான மனிதர். பெண் பார்க்கலாமா என்று அம்மா கேட்டால், "அப்புறம் பாக்கலாம் அண்ணி" என்று தலையைச் சொறிவார். வயது முப்பதைத் தாண்டியிருந்தது.

மலாக்காவில், குருபோங்கில் எங்கள் வரிசை வீட்டு வாசலில் ஒரு சனிக்கிழமை அதை லாரியிலிருந்து இறக்கினார். பழைய இரும்புக் கடையில் கண்டெடுத்தாராம். சக்கரங்கள் சாப்பாட்டுத் தட்டு அளவுதான் இருந்தன. மேலெல்லாம் பச்சைச் சாயம் அப்பியிருந்தது. சாயம் உரிந்த இடமெல்லாம் துரு. அப்பா ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்தார்.

"எந்த சர்க்கஸ் கரடியோடதுடா இது?"

சித்தப்பா இரண்டு திருகுகளைத் தளர்த்தினார். கைப்பிடிகள் மடங்கிப் படுத்துக்கொண்டன. காரின் பின்பெட்டியில் வைத்து எடுத்துப்போவதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள் என்றார். கழுத்துப் பகுதியைச் சுரண்டி, அங்கே பொறித்திருந்த எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து, அதை மலாக்கா டவுனில் ஒரு பழைய மோட்டார்க்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினார். எழுபதுகளின் தொடக்கத்தில் வந்த வகை என்று தெரிந்தது. வகை பொருந்தியது. அவர் சிறுவயதில் பார்த்த மோட்டார் இதேதானா என்பதுதான் தெரியவேண்டியிருந்தது.

அப்பாவும் சித்தப்பாவும் ரப்பர்த் தோட்டத்தில் குடியிருந்த காலத்தில், சீமைக்குத் திரும்பிய துரை ஒருவர் தம் பிள்ளையின் குட்டி மோட்டாரைக் தோட்டத்துக் கணக்கரான கிராணியாருக்குக் கொடுத்துவிட்டுப் போனாராம். அதைச் செம்மண் சாலையில் ஓட்டித் திரிந்தது கிராணியாரின் மகள். ஆரஞ்சு நிறப் பெட்ரோல் டாங்கியில், மூடிக்குப் பக்கத்தில், மஞ்சள் சாயத்தால் ஐந்து இதழ்ப் பூ ஒன்றை அவளே வரைந்திருந்தாள். தோட்டம் கைமாறியபோது அந்தக் குடும்பம் எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை. இப்போது பழைய இரும்புக் கடை முதலாளியான தவுக்கே, இதை மஸ்ஜித் தானாவில் ஒரு தமிழர் வீட்டில் வாங்கியதாகச் சொல்லியிருந்தார். வயதான அம்மாவும் மகளும் மட்டும்தான் அங்கே இருக்கிறார்களாம்.

"அப்ப நேரா போய்க் கேட்டுட்டு வாடா," என்றார் அப்பா.

"சும்மா எப்படிண்ணே போய் நிக்கிறது? பூ இருந்துச்சுன்னா அவங்க மோட்டார்தான். திருப்பிக் குடுக்க வந்தேன்னு சொல்லிக் கதவத் தட்டலாம்."

அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அந்த ஒன்பது வயதில் அந்த மோட்டாரைத் தவிர வேறெதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை. என் கால் தரையில் எட்டுகிற மோட்டார் உலகத்தில் அது ஒன்றுதான். இந்த மனிதர் என்னவென்றால் அதை யாருக்கோ திருப்பிக் கொடுக்கத் துடிக்கிறார்.

கார்புரேட்டரைப் பிரித்து ஊறவைத்தார். பிரேக் கம்பியை அளவுக்கு வெட்டிப் போட்டார். எத்தனையோ மாலைகள் கழிந்தபின் அது இருமித் தும்மி ஒருவழியாக உயிர்பெற்றது. டாங்கியை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தார். உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, குழந்தைக்கு முகம் துடைப்பதுபோல் நாளுக்குக் கொஞ்சமாகத் தேய்த்தார். பச்சை போய் நீலம் வந்தது. அவசரப்பட்டால் பூவும் சேர்ந்து போய்விடும் என்று பயந்தார்.

அது தீபாவளி வாரம். புளி போட்டுக் குத்துவிளக்குகளைத் தேய்ப்பது என் வேலை. முகம் தெரிகிறவரை தேய்க்கவேண்டும் என்பது அம்மாவின் சட்டம். விளக்குகளை முடித்துவிட்டு நிமிர்ந்தால், பக்கத்திலேயே டாங்கி இருந்தது. சித்தப்பா வேலைக்குப் போயிருந்தார். உதவி செய்யலாம் என்றுதான் உப்புத்தாளைக் கையில் எடுத்தேன், சத்தியமாக. நீலம் கரைந்து ஆரஞ்சு தெரிந்தது. இன்னும் கொஞ்சம் தேய்த்தேன். மூடிக்குப் பக்கத்தில் மஞ்சளாக ஓர் இதழ் எட்டிப்பார்த்தது. பிறகு இன்னொன்று.

வாசலில் யாரும் இல்லை. நான் உப்புத்தாளை மடித்துப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி தேய்த்தேன். ஆரஞ்சும் மஞ்சளும் தண்ணீரோடு சாக்கடைக்குப் போயின. வெறும் தகரத்தில் என் முகம் தெரிந்தபோதுதான் நிறுத்தினேன்.

சித்தப்பா தொழிற்சாலைச் சட்டையைக்கூடக் கழற்றாமல் டாங்கியின் முன்னால் உட்கார்ந்துவிட்டார். அம்மா என்னை அடிக்க வந்தார். பிறகு, விளக்கைப்போல் இதையும் பளபளப்பாக்க நினைத்துத் தேய்த்துவிட்டது பிள்ளை என்று எனக்காக அவரே பேசினார். நானும் அதைப் பிடித்துக்கொண்டேன்.

"மஞ்சளா ஏதாச்சும் தெரிஞ்சிச்சா பாப்பா?"

"இல்ல சித்தப்பா."

"நல்லா பாத்தியா?"

"ஒன்னுமே இல்ல."

மூன்றாவது முறையும் கேட்டார். மூன்றாவது முறையும் அதையே சொன்னேன். அவர் டாங்கியை மடியில் வைத்து, மூடிக்குப் பக்கத்தில் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார். "அப்ப வேற மோட்டாரா இருக்கும்," என்று எழுந்தார். என்ன நிறம் வேண்டும் என்று என்னிடமே கேட்டார். நான் ரோஜா நிறம் என்றேன். தீபாவளி காலையில், எண்ணெய் தேய்த்த தலை காயாமலே நான் எங்கள் வரிசை முழுக்க ஓட்டினேன். சீட்டைப் பிடித்துக்கொண்டு சித்தப்பா பின்னாலேயே ஓடிவந்தார்.

இப்போதும் மஸ்ஜித் தானா வழியாகப் போனால் நான் காரின் வேகத்தைக் குறைத்துவிடுகிறேன். எந்த வீடு என்று எனக்குத் தெரியாது. சொல்லக்கூடிய தவுக்கேயும் போய்ச் சேர்ந்துவிட்டார். தெரிந்தாலும் அந்தக் கதவைத் தட்டி நான் என்ன சொல்வது? அந்த மாலைகளில் சித்தப்பாவின் முகத்தில் இருந்த ஆவலை அதற்குப் பிறகு நான் பார்க்கவே இல்லை. அதை ஒருமுறையாவது திரும்பப் பார்க்கவேண்டும்போல் எனக்கு இருக்கிறது.

பண்டிகை முடிந்த மறுநாள் அவர் அடுப்படி வாசலில் வந்து நின்றார். "அண்ணி, நீங்க சொன்ன அந்தப் பொண்ணப் போய்ப் பாத்துட்டு வரலாம்," என்றார். அம்மா கரண்டியைக் கையில் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் கைதட்டிக் குதித்தேன். ஒரே தீபாவளியில் எனக்கு மோட்டாரும் கிடைத்துவிட்டது, சித்தியும் வரப்போகிறார். என்னைப்போல் அதிர்ஷ்டக்காரி யாருமில்லை என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.