நீளக் குழலா, கரிமருந்தா?

கைத்துப்பாக்கி ஒன்று வாங்குவதற்கு உலகத்திலேயே அதிகம் யோசித்தவள் கிளெனிஸ் பிரிட்சர்ட்தான். உலகம் என்று சொன்னது கொஞ்சம் கூடுதல். பக்கத்துப் பள்ளத்தாக்கில் ஒரு பல் வைத்தியர் யோசித்துக்கொண்டே செத்தும் போனார். ஆகவே உயிரோடு இருப்பவர்களில் கிளெனிஸ் முதல் என்று வைத்துக்கொள்வோம்.

யோசிப்பதற்கு அப்படி என்ன இருக்கிறது? கைத்துப்பாக்கியே கூடாதென்று அரசாங்கம் சட்டம் போட்ட பிறகு, குறி அட்டையைப் பார்த்துச் சுடுகிற ஆசைக்காரர்களுக்கு மிஞ்சியது இரண்டு வழி. ஒன்று, குழலை ஒரு அடிக்கு நீட்டி, பிடிக்குப் பின்னால் குடைக்கம்பி போல ஒன்றைத் திருகி, இது கைக்கு அடங்குகிற சாமானே இல்லை என்று அளவுகோலை வைத்து நிரூபித்த சுழல் துப்பாக்கி. இன்னொன்று, முன்பக்கத்தில் கரிமருந்தும் ஈயக் குண்டும் போட்டுக் கெட்டிக்கிற பழைய மாதிரி. முதலாவது சட்டத்துக்குக் கண்ணாமூச்சி காட்டும். இரண்டாவது பார்க்கிற எல்லோர் முகத்திலும் கரி பூசும்.

கிளெனிஸின் துப்பாக்கி அனுமதியில் இன்னும் ஒன்றுக்குத்தான் இடம். தப்பாக வாங்கிவிட்டால் மாற்றி எழுதி வாங்க மாதக்கணக்காகும். அதைவிடப் பெரிய விஷயம், அவள் வீட்டில் இதுவரை வந்த எந்தச் சாமானையும் அவள் தேர்ந்தெடுத்ததில்லை. கார், இழுவை வண்டி வீடு, அவள் பெயரிலேயே இருக்கிற ரைஃபிள், எல்லாம் அவள் கணவன் இத்வல் பார்த்து வாங்கியவை. இத்வல் பால் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவன். எந்தக் கடைக்குப் போனாலும் கிளெனிஸ் வாய் திறப்பதற்குள் அவன் பணத்தை எடுத்து நீட்டிவிடுவான். இந்த ஒரு சாமானையாவது தன் புத்தியால் வாங்க வேண்டும் என்பது அவள் வைராக்கியம்.

இத்தனைக்கும் அந்தப் புத்தி சும்மா இருக்கிற புத்தி இல்லை. கடைத்தெருவில் முடி திருத்தும் கடை வைத்திருந்த காலத்தில், ஹேர் டிரையர் ஒன்று முனகினால் வாடிக்கையாளரைப் பாதித் தலையோடு உட்கார வைத்துவிட்டு அதைக் கழற்றிப் பார்ப்பாள். ஏன் முனகியது என்று தெரிந்த பிறகுதான் மீதித் தலை.

கல்குவாரியில் துப்பாக்கி கிளப்காரர்கள் சுடும் ஒரு ஞாயிறு மதியம் இரண்டையும் சுட்டுப் பார்த்து முடிவு சொல்வதாக ஏற்பாடு. இத்வல் தன் நீளக் குழலைக் கொண்டு வந்தான். கரிமருந்துக் கட்சிக்கு மோர்வித். காலையில் சேப்பல் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்துவிட்டு, மதியம் விரலெல்லாம் கறுப்பாக்கிக்கொள்ள வருகிறவள். கிளெனிஸ் சுடுகிற அட்டைக்குப் பக்கத்தில் மோர்வித் தனக்கென்றும் ஒரு வெற்று அட்டையை மாட்டிவிட்டு வந்தாள். களப் பொறுப்பாளன் கெத்தின் சிவப்புக் கொடியை ஏற்றினான்.

முதலில் இத்வலின் துப்பாக்கி. பின்கம்பி முன்கையில் படிய, கிளெனிஸ் பட்பட்டென்று சுட்டாள். கெத்தின் தொலைநோக்கியில் பார்த்துவிட்டு, ஒரு தேநீர்க் கோப்பையைக் கவிழ்த்தால் எல்லா ஓட்டையும் உள்ளே அடங்கும் என்றான். இத்வலுக்கு முகம் பூத்துவிட்டது. காரியம் ஆக வேண்டியிருந்தால்தான் அவன் மனைவியைக் கரியாத் என்று செல்லமாகக் கூப்பிடுவான். அன்றைக்கு இரண்டு தடவை கூப்பிட்டான்.

"பாத்தியா கரியாத், சுத்தமான வேலை. தோட்டாவ நானே வீட்டுல நிரப்பித் தந்துடுவேன். இவ சாமான வாங்கினா, ராத்திரி அதக் கழுவி நம்ம சமையல் தொட்டில அழுகின முட்ட நாத்தம்தான்."

"வெந்நீரும் சோப்பும் போட்டா போயிடும்," என்றாள் மோர்வித். "உன் காலுறைக்கு அதுவும் பத்தாது."

கிளெனிஸ் தானும் தொலைநோக்கியில் பார்த்தாள். ஓட்டைகள் அழகாகத்தான் இருந்தன. ஆனால் தோட்டாவைத் திணித்தோம், சுட்டோம், முடிந்தது. தோட்டாவுக்குள் என்ன நடந்தது என்று கேட்டால் இத்வலிடம்தான் கேட்க வேண்டும்.

அடுத்தது மோர்வித்தின் துப்பாக்கி. முதல் சுற்றை மோர்வித் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தாள். சுழல் உருளையின் ஒவ்வொரு அறையிலும் முதலில் கரிமருந்து. அதன்மேல் இடத்தை நிரப்ப, பால் புட்டிங் கிண்டுகிற கோதுமை ரவை. அதன்மேல் ஈயக் குண்டை வைத்து நெம்புகோலால் அழுத்தி, அறையின் வாயில் கொழுப்புப் பூசி, கடைசியில் பின்னால், அடித்தால் பொறி பறக்கிற கேப்புகளை மாட்ட வேண்டும். ரவை எதற்கு, மைதா ஆகாதா, சர்க்கரை போட்டால் என்ன ஆகும் என்று கிளெனிஸ் கேட்டுக்கொண்டே இருந்தாள். சர்க்கரை போட்டால் எறும்பு சுடும் என்றாள் மோர்வித். சுட்டதும் கிளம்பிய புகையில் அட்டையே மறைந்துவிட்டது. புகை கலைந்த பிறகு பார்த்தால், ஓட்டைகள் சண்டை போட்ட உறவுக்காரர்கள் மாதிரி ஆளுக்கொரு மூலையில் நின்றன.

இரண்டாம் சுற்றைத் தானே நிரப்புவதாகச் சொல்லி மோர்வித்தை விலக்கினாள். மருந்துக் குப்பியைக் கையில் எடுத்த நேரம் பார்த்து இத்வல் கூப்பிட்டு, தன் துப்பாக்கியின் அட்டையையும் மோர்வித் துப்பாக்கியின் அட்டையையும் பற்றி ஒரு பிரசங்கமே செய்தான். திரும்பி வந்து பார்த்தாள். போன சுற்றின் கரி படிந்து அறைகள் எல்லாம் கறுப்பாக இருந்தன. மருந்து போட்டாயிற்று என்று நினைத்து ரவையைக் கொட்டினாள். குண்டு வைத்து அழுத்தும்போது நெம்புகோல் போன சுற்றைவிட ஆழமாக இறங்கியது. ஆச்சரியப்பட்டாளே தவிர, நிறுத்தவில்லை.

விசையை இழுத்தாள். கேப்பு மட்டும் டப்பென்றது. தாமதித்து வெடித்தாலும் வெடிக்கலாம் என்று துப்பாக்கியை மண்மேட்டுப் பக்கமே நீட்டிக்கொண்டு, கெத்தின் போதும் என்று சொல்லும் வரை நின்றாள். அடுத்ததும் டப். மூன்றாவதும் டப்.

கெத்தின் மெல்ல வந்து, "மருந்து போட்டீங்களா கிளெனிஸ்?" என்று கேட்டான்.

அவள் அங்கே விட்டுப் போன குப்பியைப் பார்த்தாள். நிறைய இருந்தது. இத்வல் சிரித்த சிரிப்பு குவாரிச் சுவரில் மோதித் திரும்பி வந்தது. புட்டிங் சுட்ட முதல் பெண் என்றான். இதோடு முடிவாயிற்று, நாளைக்கே நீளக் குழலுக்குச் சொல்லிவிடலாம் என்றான்.

கிளெனிஸ் கெத்தினிடம் கேட்டது ஒரே கேள்வி. "இத எப்படி வெளிய எடுக்கறது?"

மிச்ச கேப்புகளை எடுத்துவிட்டு, உருளையைக் கழற்றி, கேப்பு மாட்டுகிற குமிழ்களைத் திருகி எடுத்து, அந்தச் சின்னத் துளை வழியாகக் கொஞ்சம் மருந்தைச் செலுத்தி, எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, புதுக் கேப்பு வைத்துச் சுட வேண்டும், குண்டு தானாக வந்து விழும் என்றான். கிளெனிஸ் கொண்டையிலிருந்து ஊசியை உருவினாள். முதல் அறைக்கு மருந்தில் சில துகள்கள் மட்டும். குண்டு புளிச்சென்று வெளியே வந்து, புல்லில் புளியங்கொட்டை மாதிரி உருண்டது. பின்னாலேயே ரவை தூவானமாய் இறங்கியது. எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் போட்டா?" என்றாள்.

இரண்டாவது அறைக்குக் கொஞ்சம் கூடுதல். குண்டு பாதி வழி போயிற்று. அடுத்ததற்கு இன்னும் துளி. ஊசியால் ரவையைக் குத்தி இடம் பண்ணி மருந்தைத் தள்ளினாள். அதற்குள் மழைத் தூறல் போட ஆரம்பித்தது. மோர்வித் குடை பிடித்தாள். சுட வந்தவர்கள் தங்கள் துப்பாக்கிகளைப் பெட்டியில் வைத்துவிட்டு இவள் பின்னால் கூடிவிட்டார்கள். குண்டு எங்கே விழும் என்று ஆளாளுக்குப் பழரொட்டித் துண்டு பந்தயம். இத்வல்கூட ஒரு துண்டு கட்டினான், சிரிப்பதை எப்போதோ நிறுத்தியிருந்தான்.

கடைசி அறைக்கு ஊசியால் முடிந்த மட்டும் தள்ளினாள். புகை எழுந்தது. கெத்தின் தொலைநோக்கியில் கண்ணை வைத்தான்.

"நடு மையம்," என்றான்.

அதற்குமேல் மழை பிடித்துக்கொண்டது. மோர்வித் அட்டைகளை உருவிக்கொண்டு ஓடிவர, எல்லோரும் தேநீர்க் குடிசைக்குள் புகுந்தார்கள். மூக்கு நுனியில் கரியோடு கிளெனிஸ் பெஞ்சில் உட்கார்ந்தாள். எது வாங்கப் போகிறாள் என்று கேட்க யாருக்கும் தேவை இருக்கவில்லை, இத்வலைத் தவிர.

"என்னுதுல கோப்பைக்குள்ள அடக்கினியே," என்றான். "கண்ணால பாத்தோம்ல. பின்ன என்ன?"

"உன்னுது சுடுது இத்வல். ஆனா எனக்கு எதுவும் சொல்ல மாட்டேங்குது. இது ஒவ்வொண்ணா சொல்லுது. நான் கரிமருந்துதான் வாங்கறேன். தொட்டிய நானே கழுவிக்கறேன்." ஒரு மடக்குக் குடித்துவிட்டு, சும்மா இருக்கலாம், இருக்கவில்லை. "அதோட, மருந்து போட மறந்தும் கடைசிக் குண்ட நடு மையத்துல வச்சிருக்கேன். கோப்பையாம் கோப்பை."

மோர்வித் நனைந்த அட்டைகளை மேசையில் பிரித்துக் காய வைத்துக்கொண்டிருந்தாள். ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள்.

"நடு மையம்தான்டி," என்றாள். "ஆனா இது என் அட்ட. உன்னுது இதுக்கு எடப்பக்கம் இருந்துது, அதுல கடைசிக் குண்டு படவே இல்ல."