அம்மா லெமினேட் பண்ணிய சான்றிதழ்

எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒரு கடதாசி முக்கியமானதா இல்லையா என்று தெரிந்துகொள்ள அதைப் படிக்கவே வேண்டாம். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் போதும். பளபளத்தால் முக்கியமானது. பிறப்புச் சான்றிதழ், கல்யாணப் பதிவு, பிள்ளை ஓட்டப் போட்டியில் மூன்றாவதாக வந்த கடதாசி, எல்லாவற்றையும் லெமினேட் பண்ணிவிடுவார்கள். கெலிஓயாவில் போட்டோக் கொப்பிக் கடை வைத்திருக்கும் எனக்கு அது வருமானம்தான். ஆனாலும் அசல் சான்றிதழை நீட்டினால் நான் மெஷினைத் தொட மாட்டேன். "கொப்பி எடுத்துத் தாறேன், அதை லெமினேட் பண்ணிக்கிங்க. இது அப்படியே ஃபைல்ல இருக்கட்டும்" என்பேன். பாதிப் பேர் முகத்தைச் சுளித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போவார்கள். போகட்டும்.

கம்ப்யூட்டர் விஷயத்திலும் நான் இப்படித்தான். யார் கொண்டுவரும் பென் டிரைவையும் வைரஸ் இருக்கிறதா என்று பார்க்காமல் திறக்க மாட்டேன். ஸ்கேன் பண்ணக் கொடுக்கும் அடையாள அட்டைகளைக் கடை பூட்டுமுன் அழித்துவிடுவேன். ஊரார் விபரம் என் கடையில் தூங்கக் கூடாது. எங்கள் குடும்பத்துக் கடதாசிகள் மட்டும் மூன்று இடத்தில் இருக்கின்றன: கடையில், வீட்டு அலுமாரிக்குள் ஒரு ஹார்ட் டிஸ்க்கில், இணையத்தில். கம்ப்யூட்டர் செத்த பிறகு ஓடிவந்து "எப்படியாவது எடுத்துத் தாங்க" என்று கெஞ்சுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து வந்த புத்தி இது. கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்கிற ஆள் நான் இல்லை. வீட்டில் எல்லோரும் இதற்காக என்னைக் கேலி செய்வார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைதான்.

அதனால் தம்பி ஒரு நாள் முகம் செத்துப்போய்க் கடை வாசலில் வந்து நின்றபோது, நான் சிரித்துக்கொண்டேதான் என்னவென்று கேட்டேன்.

அவன் கண்டியில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்தான். கட்டாரில் பெரிய ஹோட்டல் ஒன்றில் அவனுக்கு இடம் கிடைத்திருந்தது. சமையல் பயிற்சிச் சான்றிதழின் பின்பக்கத்தில் அரசாங்க முத்திரை வாங்கி, அந்த வாரம் முடிவதற்குள் ஏஜென்சியில் கொடுக்க வேண்டும். தவறினால் இடம் அடுத்தவனுக்கு. அன்று காலை முத்திரை குத்தும் அரசாங்கக் கந்தோருக்குப் போனவனை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார்கள். சான்றிதழ் லெமினேட் பண்ணியிருந்தது. பிளாஸ்டிக்கில் முத்திரை மை நிற்காது, மை படுகிற இடம் வெறும் தாளாக இருக்க வேண்டும் என்றார்களாம்.

"யாருடா இதை லெமினேட் பண்ணினது?"

"அம்மாதான். ஹேவாஹெட்ட டவுன்ல."

புதிதாக ஒன்று வாங்கவும் வழியில்லை. சான்றிதழ் கொடுத்த தனியார் நிலையம் எப்போதோ மூடிவிட்டது. அது இருந்த மாடியில் இப்போது சப்பாத்து விற்கிறார்கள்.

"உங்ககிட்டதான் ஸ்கேன் இருக்கே அக்கா. தடிச்ச பேப்பர்ல கலர்ல ஒண்ணு அடிச்சுத் தாங்க. யாருக்குத் தெரியும்?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. மூன்று இடத்தில் பத்திரமாக வைத்திருந்த என் ஸ்கேன், பொய்ச் சான்றிதழ் அடிப்பதற்கு மட்டும்தான் உதவும் என்று உறைத்தபோது கோபம் இன்னும் கூடியது.

"என் கடையில கொப்பிக்குக் கொப்பின்னுதான் பேர். நாளைக்குப் போயா லீவு, கடை பூட்டுதான். அம்மாவையும் கூட்டிக்கிட்டு வா. நான் உரிச்சுத் தாறேன்" என்றேன்.

அதற்கு முன் அப்படி ஒன்றை நான் உரித்ததே இல்லை. அதை அவனிடம் சொல்லவில்லை.

பௌர்ணமிப் போயா அன்று காலையிலேயே கடைக்குப் போய், வேண்டாத தாள்களை லெமினேட் பண்ணி உரித்துப் பழகினேன். பக்கத்து சலூன்காரியிடம் தலைமயிர் உலர்த்தும் மெஷினை இரவல் வாங்கியிருந்தேன். முதல் தாள் கிழிந்தது. அடுத்தது பாதி படலத்தோடு போனது. பிறகுதான் கைக்குப் பிடிபட்டது: சூட்டைத் தூரத்தில் வைத்துக் காட்ட வேண்டும், படலத்தை மேலே தூக்கி இழுக்கக் கூடாது, பின்னுக்கு மடக்கித் தாளோடு தாளாக இழுக்க வேண்டும். இன்னொன்றும் தோன்றியது. முத்திரை விழப்போவது பின்பக்கத்தில். எழுத்தும் கையெழுத்தும் இருப்பது முன்பக்கத்தில். அப்படியென்றால் பின்பக்கத்தை மட்டும் உரித்தால் போதும். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

அம்மாவும் தம்பியும் பஸ் பிடித்து வந்து சேர்ந்தார்கள். அம்மா கதிரையில் உட்கார்ந்ததும் ஒரு பாட்டம் திட்டினேன். கொப்பிக் கடைக்காரி வீட்டுச் சான்றிதழை இன்னொரு கடையில் கொடுத்து லெமினேட் பண்ணுவார்களா என்று கேட்டேன்.

"ஒங்கிட்ட குடுத்தா நீ பண்ணித் தர மாட்டியே" என்றார் அம்மா. "கூர ஒழுகி எங்க அப்பாவோட பிரஜாவுரிமைக் கடதாசி ஊறிப்போயி, பிசைஞ்ச மாவாட்டம் ஆயிருச்சு. அதுக்காக அவரு சாகிற வரைக்கும் கந்தோர் கந்தோரா அலைஞ்சாரு. எம் புள்ள கடதாசில தண்ணி படக் கூடாதுன்னு நெனச்சேன். அது தப்பா?"

நானும் அந்தப் பயத்தில்தானே ஹார்ட் டிஸ்க்கை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுகிறேன்.

சான்றிதழின் நான்கு ஓரத்துப் பிளாஸ்டிக்கையும் கட்டரால் வெட்டி எடுத்தேன். அடுத்து ஒரு மூலையில் படலத்தையும் தாளையும் பிரிக்க வேண்டும். அங்கேதான் கத்தி தாளுக்குள் இறங்கிவிடும் ஆபத்து. திருப்பிப் பார்த்தபோது பின்பக்கத்தின் நான்கு மூலையிலும் மஞ்சளாக ஏதோ தெரிந்தது.

"இது என்னம்மா?"

"மஞ்சள். ஒட்டக் குடுக்கிறதுக்கு முந்தி சாமி படத்துக்கிட்ட வச்சுப் பூசினேன். முன்னால பூசினா பாக்கிற தொரமாருக்குப் புடிக்காதுன்னு பின்னால பூசினேன்."

தம்பி தலையில் கை வைத்துக்கொண்டான். சரஸ்வதி பூஜைக்குக் கம்ப்யூட்டரில் சந்தனம் பூச வருகிறவர்களோடு வருஷா வருஷம் சண்டை பிடிக்கிறவள் நான். இன்னொரு பாட்டம் திட்டுவதற்கு வாயைத் திறந்துகொண்டே நகத்தால் மூலையை நெருடினேன். நகம் உள்ளே போனது. மஞ்சள் காய்ந்து தூளாகி நின்ற இடத்தில் பசை தாளைப் பிடிக்கவே இல்லை. திறந்த வாயை மூடிக்கொண்டேன். சூட்டைக் காட்டச் சொல்லித் தம்பியிடம் மெஷினைக் கொடுத்துவிட்டு, அந்த மூலையிலிருந்து மடக்கி இழுக்கத் தொடங்கினேன். நடுவில் ஓரிடத்தில் தாள் கொஞ்சம் உரிந்து பஞ்சு பறந்தது. நிறுத்தி, ஆறவிட்டு, அடுத்த மூலையிலிருந்து வந்தேன். படலம் முழுசாகக் கழன்று என் கையோடு வந்தபோது தம்பி என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். "அக்கான்னா அக்காதான்" என்றான். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மறுநாள் மூன்று பேரும் கண்டிக் கந்தோருக்குப் போனோம். அம்மா வெளியே நீள வாங்கில் உட்கார்ந்திருந்தார். கவுண்டரில் இருந்த மிஸ் தாளைத் திருப்பி, மூலையைத் தடவிப் பார்த்து, மஞ்சளா என்று சிங்களத்தில் கேட்டுச் சிரித்தார். பிறகு பஞ்சு பறந்த இடத்தைத் தவிர்த்து, முத்திரையை வைத்து அழுத்தினார். மை நன்றாகப் பிடித்தது. நான் அதை ஊதி ஊதிக் காயவைத்தேன்.

வெளியே வந்து அம்மாவின் கையில் கொடுத்தேன். அவர் என்னைப் புகழ்வார் என்று காத்துக்கொண்டு நின்றேன் என்பதுதான் உண்மை. அம்மா முத்திரையைப் பார்த்தார். வீதியில் ஏஜென்சிக்காரனோடு போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்த தம்பியைப் பார்த்தார்.

"இந்த முத்திர குத்தலைன்னா இவன் போயிருக்க மாட்டான், இல்லயா?"

"போயிருக்க மாட்டான்மா."

அம்மா தலையை ஆட்டினார். கடதாசியை முந்தானையால் துடைத்து என்னிடம் திருப்பித் தந்தார். மூன்று நாளாகப் பிளாஸ்டிக்கைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருந்த எங்களில் ஒருவருமே, அவன் போகப்போகிறான் என்பதை வாய்விட்டுச் சொல்லியிருக்கவில்லை. எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிற நான், அந்த வாங்கில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். "சின்னப் புள்ளையாட்டம் அழாத, அவன் பாத்துருவான்" என்று அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.