ஓடைக்கரைக்கு ஒரு வாக்கு

2003 ஏப்ரல் 27: 214 செ.மீ.
2004 ஏப்ரல் 25: 196 செ.மீ.
2005 மே 1: 171 செ.மீ.
2006 ஏப்ரல் 30: 133 செ.மீ.
2007 ஏப்ரல் 15: 88 செ.மீ.
2007 ஏப்ரல் 25: 29 வாக்குகள், 28 வாக்குகள்.

முதல் ஐந்தும் சிவநாயகியின் வேலிக்கட்டையிலிருந்து ஓடைக்கரை விளிம்பு வரை அவர் நாடா பிடித்து அளந்த தூரம். பனி உருகும் காலத்தில் ஓடை பெருகிக் கரை மண்ணைத் தின்றுகொண்டு போகும். ஒஸ்லோவின் மோர்டென்ஸ்ருட் அடுக்குமாடிகளுக்குக் கீழே சரிவில் இருந்த அந்தக் கூட்டுத் தோட்டத்தில் அறுபத்தெட்டுப் பாத்திகள். ஓடையோரம் ஒன்பது. அந்த ஒன்பதில் ஏழு தமிழர்களுடையவை.

தோட்டத்துக்கு மூன்று பேர் கொண்ட மண் நீர்க் குழு ஒன்று உண்டு. அதில் ஒருவர் கரைக்குக் கல் அடுக்க வேண்டும் என்றார். மற்றவர் கரையோரப் பாத்திகளை மூடிவிட வேண்டும் என்றார். காலியான மூன்றாம் இடத்துக்கு ஓட்வார் நின்றார். ஓய்வுபெற்ற ஆசிரியர், நல்ல மனிதர். "ஓடைக்கும் இடம் வேணும், சிவா. வில்லோ மரம் வைத்தால் கரை தானாகப் பிடிக்கும்" என்று நோர்வேஜிய மொழியில் பொறுமையாகச் சொல்வார். மரம் வைக்க அவர் காட்டிய இடத்தில்தான் சிவநாயகியின் வெந்தயக்கீரையும் வெங்காயமும் நின்றன.

முதியோர் இல்லச் சமையலறையில் பதினாறு வருடமாக வேலை செய்யும் சிவநாயகி, எந்தக் கூட்டத்திலும் எழுந்து பேசியதில்லை. அந்த வருடம், கல்தான் அடுக்க வேண்டும் என்று ஓட்வாருக்கு எதிராக நின்றார். வாக்குக் கேட்டு, உறுப்பினர் பட்டியலைப் பார்த்து அறுபத்தெட்டுக் கடித உறைகளிலும் தன் கையாலேயே பெயர் எழுதினார்.

பாடசாலை மண்டபத்தில் கூட்டம். வாசலில் பாத்தி இலக்கத்தைச் சொன்னால் ஒரு மஞ்சள் அட்டை கொடுத்தார்கள். வாக்கெடுப்பில் அதை உயர்த்திப் பிடிக்க வேண்டும். கணவர் குகநேசன் சுவரோரம் நின்று தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"இருபத்தெட்டுத்தான் வரும் போல கிடக்கு. அவையளும் இருபத்தெட்டு."

கதவு திறந்தது. ஓடையோரத்து 64ஆம் பாத்தியைச் செய்யும் யோசெப்பின், துப்புரவு வேலை உடுப்போடு மூச்சிரைக்க வந்தாள்.

"தீபான ரெயில் நடுவழியிலை நிண்டுட்டுது அக்கா. முடிஞ்சுதே?"

"இல்லை, வா வா!"

அட்டைகள் உயர்ந்தன. தலைவி இரண்டு முறை எண்ணினார். ஓட்வாருக்கு இருபத்தெட்டு. சிவநாயகிக்கு இருபத்தொன்பது. குகநேசன் கைதட்டியது மண்டபத்தில் தனியாகக் கேட்டது. ஓட்வார் எழுந்து வந்து சிவநாயகியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

சிவநாயகி சிரிக்கவில்லை. அவருடைய கண் யோசெப்பினின் மஞ்சள் அட்டையில் நின்றது. 64ஆம் இலக்க உறையில் அவர் எழுதிய பெயர் வின்சென்ற். யோசெப்பினின் கணவன். அன்று அவனுக்குத் திராமன் நகரில் வேலை. உறுப்பினர் வராவிட்டால், அவருக்காக வருபவரிடம் அவர் கையொப்பமிட்ட கடிதம் இருக்க வேண்டும் என்பது விதி. ஒஸ்லோவில் தமிழர் கூட்டங்களுக்கு வீட்டுக்கு ஒருவர் போனால் போதும். யார் போனது என்று எவரும் கேட்பதில்லை. அந்தப் பழக்கத்தில் யோசெப்பின் வந்துவிட்டாள். வாசலில் இருந்தவர்களும் பெயரைப் பார்க்கவில்லை.

முடிவில் பிழை இருந்தால் எழுத்தில் அறிவிக்கப் பதினான்கு நாள் தவணை.

"பன்ரெண்டு வருசமாய் அந்த மண்ணைக் கொத்தினது அவள். வின்சென்ற் அங்கை மண்வெட்டி பிடிச்சு நான் பாக்கேல்லை" என்றார் குகநேசன். "அவளுக்கு இல்லாத வாக்கு ஆருக்கு?"

"நியாயம் வேறை, பட்டியல் வேறை. எப்பவாவது ஒருத்தர் பட்டியலைத் திறந்து பாத்தால் எங்கடை ஏழு வீட்டையும் கள்ளர் எண்டுவினம்."

"ஆர் திறந்து பாக்கிறது? உமக்கு விசர்!"

"நான் பாத்திட்டன்."

பதினொரு நாள் அந்த வீட்டில் தேநீர்க் கோப்பை வைக்கும் சத்தம்கூடப் பெரிதாகக் கேட்டது. கரையோரப் பாத்திக்காரர்கள் தொலைபேசியில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்: "அக்கா, கிழங்கு நடட்டோ, விடட்டோ?" நடச் சொல்ல அவருக்கு நா எழவில்லை. பன்னிரண்டாம் நாள், மே 7, கடிதத்தை எழுதி நிர்வாகத்தின் தபால்பெட்டியில் தானே போட்டார். போடுவதற்கு முன் யோசெப்பினின் வீட்டுக்குப் போய்ச் சொன்னார்.

"அப்ப நான் ஓடி வந்தது வீணே?" யோசெப்பின் கதவைப் பிடித்தபடி நின்றாள். "கொஞ்சம் பொறுத்திருந்தால் உங்களுக்கு என்ன குறைஞ்சுபோகும்?"

"எனக்கு ஒண்டும் குறையாது. அதுதான் பயமாக் கிடக்கு."

கதவு மூடியது. பிறகு தோட்டத்தில் எதிரே வந்தாலும் யோசெப்பின் நீர்க்குழாயைப் பார்த்தபடி போனாள்.

அந்த வாரமே ஓட்வார் அழைத்தார். "நீங்கள் எழுதியிருக்காவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது, சிவா. ஆனால் நான் விலக மாட்டேன். ஓடை பற்றி நான் சொன்னதை இன்னும் நம்புகிறேன்."

"விலகச் சொல்லி நான் கேட்கவில்லை" என்றார் சிவநாயகி, தனக்குத் தெரிந்த நோர்வேஜிய மொழியில்.

நிர்வாகத்தின் பதில் மே 22இல் வந்தது. ஒரு வாக்கு நீக்கப்பட்டது, இருபத்தெட்டுக்கு இருபத்தெட்டு, விதிப்படி சீட்டுக் குலுக்கப்படும், முடிவு கடிதத்தில் வரும். குகநேசன் அதைப் படித்துவிட்டு முதல்முறையாகக் குரலைத் தாழ்த்தினார். "இன்னும் பாதிச் சந்தர்ப்பம் இருக்கு."

சிவநாயகி அன்று மாலை கரைக்குப் போனார். வெங்காயம் விரலளவு முளைத்திருந்தது. களை பிடுங்கினார். அடுத்த நான்கு வாரமும் வேலை முடிந்து வந்ததும் முதலில் தபால்பெட்டியைத் திறந்தார், பிறகுதான் சப்பாத்தைக் கழற்றினார்.

கடைசிக் கடிதம் ஒரே பக்கம். சீட்டில் வந்த பெயர் ஓட்வார். புதிய குழு கூடி, இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில், கரையோரப் பாத்திகள் ஒன்பதையும் இந்த வருட அறுவடைக்குப் பிறகு மூடுவதென முடிவு செய்திருந்தது. சிவநாயகி அதை நின்றபடியே படித்தார். பிறகு மற்ற எட்டு வீட்டுக்கும் தானே அழைத்துச் சொன்னார், யோசெப்பினுக்கு முதலாவதாக. அவள் எடுத்தாள். சிவநாயகி சொல்லி முடியும் வரை வைக்கவில்லை.

கடிதம் வந்த நாள் 2007 ஜூன் 19, செவ்வாய்க்கிழமை.