சந்தையில் வாங்கிய அலைப்பலகை

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் கிடைக்காத பொருள் இல்லை. அத்தா வாங்காத பொருளும் இல்லை. எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, என் நெஞ்சுயரத்துக்கு ஒரு நீல நுரைப்பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தார். “ஏரோபிளேன் சீட்டுக்கு அடில கீற பலகை சார் இது, ஒடையவே ஒடையாது” என்று விற்றவன் சொன்னானாம். ஏர்போர்ட் பக்கத்திலேயே இருக்கிறது என்பதால் அத்தாவும் நம்பிவிட்டார். துபாயிலிருந்து லீவில் வந்த மாமாதான், அது விமானப் பலகையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை, கடலில் குப்புறப் படுத்து அலையோடு சறுக்கிப் போகிற பாடி போர்டு என்று விளக்கினார்.

கடல் வரைக்கும் காத்திருக்க எனக்கு ஏது பொறுமை? பெருநாளுக்கு வீடு கழுவிக்கொண்டிருந்த அன்று, சோப்புத் தண்ணீர் நிறைந்த ஹாலில் போர்டைப் போட்டு அதன்மேல் பாய்ந்தேன். வாசலிலிருந்து புறப்பட்டவள் பீரோவில் போய்த்தான் நின்றேன். பீரோவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆடிக்கொண்டிருந்த என் பல் விழுந்துவிட்டது. அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

“வர்ற ஞாயித்துக்கிழமை கோவளம் தர்காவுக்குப் போறோம். அங்க கடல்ல ஒரு தடவை ஒழுங்கா ஓட்டிக் காட்டு. இல்லேன்னா இது சந்தைக்கே திரும்பிப் போயிடும்.”

அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. தர்காவில் துஆ செய்தபோதுகூட, சத்தியமாக, நான் கேட்டது ஒரே ஓர் அலையைத்தான்.

பிறகு கடலில் இறங்கினோம். அத்தா இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, “வருது, வருது, ஏறு!” என்று கத்தினார். நான் ஏறுவதற்குள் அலை என்னை விட்டுவிட்டுப் போய்விடும். இல்லையென்றால் அது என்மேல் ஏறிவிடும். மூக்கு, வாய், காதெல்லாம் உப்பு. அத்தாவுக்கும் நீச்சல் தெரியாது, எனக்கும் தெரியாது. வாத்தியாரும் மாணவியும் நல்ல பொருத்தம். ஏழெட்டுத் தடவை ஆனதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கரையில் புர்காவோடு நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மா அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

“ஏண்டி, நம்மூர் பஸ் என்னிக்கு ஸ்டாப்புல நின்னுருக்கு? அது வர்றதுக்கு முன்னாடியே நீ ஓட வேணாமா?”

அடுத்த அலை தூரத்தில் எழும்பும்போதே, கரையைப் பார்த்துப் படுத்துக் காலை உதைத்தேன். பின்னாலிருந்து யாரோ தள்ளியது போல இருந்தது. அம்மாடியோ! கடல் என்னைத் தூக்கிக்கொண்டுபோய் அம்மாவின் காலடியில் மணலில் போட்டது. நான் போட்ட கூச்சலில் பட்டம் விட்டுக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

அதைக் கொண்டாட அத்தா என்னை வறுத்த மீன் வாங்கக் கூட்டிப் போனார். போர்டை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தால், அம்மா தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்ட நிற்கிறாள். புர்காவின் முன்பக்கமெல்லாம் மணல், முகமெல்லாம் சிரிப்பு.

“கால் கழுவலாம்னு போனேன். அலை இழுத்துடுச்சு” என்றாள்.

அத்தா இருந்ததிலேயே பெரிய மீனை எடுத்து அவளிடம் நீட்டினார். கால் கழுவக்கூடத் தெரியவில்லையே இந்த அம்மாவுக்கு என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

போர்டு சந்தைக்குப் போகவில்லை. எல்லாம் என் திறமைக்குக் கிடைத்த பரிசு என்று வகுப்பு முழுக்கப் பீற்றிக்கொண்டேன். அதன் பிறகு அம்மாவுக்கு நேர்ச்சைகளும் பெருகிவிட்டன. எனக்குச் சளி பிடித்தால் கோவளம், சளி விட்டாலும் கோவளம். மிக்ஸி ரிப்பேரானதற்குக்கூட ஒரு முறை போனோம். போகும்போதெல்லாம், போர்டை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி எங்கள் இருவரையும் மீன் வாங்க அனுப்பிவிடுவாள். என் பொருள்மீது அம்மாவுக்குத்தான் எவ்வளவு அக்கறை என்று மெச்சிக்கொண்டே, நான் முள் பார்த்து நிதானமாக மீன் தின்றேன்.